ஓடும் புரோகிராமுக்கு சோர்ஸ் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியின் கடைசியில், "உங்கள் கம்பெனியில் சோர்ஸையும் கம்பைல் செய்த புரோகிராமையும் எப்படிப் பிரித்து வைத்திருக்கிறீர்கள்?" என்று ஒரு வரி கேட்டிருந்தேன். சோர்ஸ் என்பது நாம் எழுதும் மூல வரிகள், கம்பைல் என்பது அதை மெஷின் ஓட்டக்கூடிய புரோகிராமாக மாற்றுவது. வழக்கத்தைவிட அதிகமாகவே கடிதங்கள் வந்துவிட்டன. பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் எல்லோருக்குமே ஊர்ப் பெயர் மட்டும். எழுதியவர்களில் பெரும்பாலோர் மில், பனியன் கம்பெனி, பம்ப் கம்பெனிகளில் ஏஎஸ்400 வைத்திருப்பவர்கள். கம்பெனி வேலைகளுக்காக ஐபிஎம் 1988-ல் கொண்டுவந்த மெஷின். 2008-லிருந்து அதன் சிஸ்டத்துக்கு ஐபிஎம் ஐ என்று பெயர். நம் பக்கத்தில் இன்னும் ஏஎஸ்400தான், நானும் அப்படியே சொல்கிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: அதில் எல்லாவற்றையும் போட்டு வைக்கும் பெட்டிக்கு லைப்ரரி என்று பெயர். லைப்ரரிக்குள் சோர்ஸ் ஃபைல், அதற்குள் ஒவ்வொரு சோர்ஸும் ஒரு மெம்பர். கம்பைல் ஆகி வருவது ஆப்ஜெக்ட், நிஜ வேலைக்கு ஓடுவது லைவ்.

கேள்வி: வணக்கமுங்க. மில்லில் இடிபி (கம்ப்யூட்டர்) செக்‌ஷனுக்கு வந்து மூணு மாசம் ஆச்சு. எனக்கு முன்னால் இருந்தவர் ரிட்டயர் ஆகிவிட்டார். மெஷினில் பதினாலு லைப்ரரி இருக்கிறது. நூல் டெஸ்பாட்ச் இன்வாய்ஸ் புரோகிராமுக்கு மட்டும் நாலு இடத்தில் சோர்ஸ் இருக்குதுங்க, நாலும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். ஜிஎம் ஒரு சின்ன மாற்றம் கேட்கிறார். எதைத் தொடுவது? – பெருந்துறை

பதில்: முதலில் எதையும் தொடாதீர்கள். ஜிஎம்மிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாலில் எது புதிதாகத் தெரிகிறதோ அதை எடுத்து மாற்றிக் கம்பைல் செய்துவிடலாம் என்றுதான் கை போகும், அங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

இதை மெஷினிடமே கேட்கலாம். ஒரு புரோகிராமைக் கம்பைல் செய்யும்போது, அது எந்த லைப்ரரியில் எந்த சோர்ஸ் ஃபைலில் எந்த மெம்பரிலிருந்து வந்தது, அந்த மெம்பரில் கடைசியாகக் கை வைத்தது எந்தத் தேதி எத்தனை மணி என்பதையெல்லாம் ஏஎஸ்400 அந்த ஆப்ஜெக்டோடு சேர்த்தே குறித்து வைத்துவிடுகிறது. ஆப்ஜெக்டின் விவரம் காட்டும் டிஎஸ்பிஓபிஜேடி கமாண்டில் டீடெய்ல் என்ற இடத்தில் *சர்வீஸ் கொடுத்துப் பாருங்கள், எல்லாம் வரும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எந்த ஆப்ஜெக்டைப் பார்க்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். பதினாலு லைப்ரரி இருந்தால் ஆப்ஜெக்டும் இரண்டு மூன்று இடத்தில் இருக்கும், யூசரின் லைப்ரரி லிஸ்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் ஓடும். டெஸ்பாட்ச்சில் உட்கார்ந்திருப்பவரின் ஜாப் டிஸ்கிரிப்ஷனை (மெஷினில் அவருடைய லைப்ரரி லிஸ்ட் குறித்திருக்கும் இடம்) பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் லிஸ்ட் வேறாக இருக்கலாம்.

அப்புறம் பிடிஎம்மில் (மெம்பர்களை வரிசையாகக் காட்டி, எண் போட்டு வேலை வாங்கும் ஸ்கிரீன்) அந்த சோர்ஸ் மெம்பருக்கு எதிரே 8 போட்டால் அது கடைசியாக மாறிய நேரம் தெரியும். ஆப்ஜெக்ட் சொல்லும் நேரமும் மெம்பரின் நேரமும் ஒன்றாக இருந்தால் விஷயம் முடிந்தது, உங்கள் சோர்ஸ் அதுதான். மெம்பரின் நேரம் பிந்தியிருந்தால், கம்பைல் ஆனதற்குப் பிறகு யாரோ அதில் கை வைத்திருக்கிறார்கள், அந்த மாற்றம் லைவில் இல்லை. ஒவ்வொரு சோர்ஸ் வரியோடும் அந்த வரி மாறிய தேதி ஆறு இலக்கத்தில் ஒட்டியிருக்கும், பிந்திய தேதி உள்ள வரிகளைப் பொறுக்கிப் பாருங்கள். நீக்கிய வரிக்கு மட்டும் தடயம் இருக்காது. அதற்காக மற்ற மூன்று சோர்ஸோடும் 54 போட்டு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

ஆப்ஜெக்ட் காட்டும் லைப்ரரியே மெஷினில் இல்லாமல் போவதும் உண்டு. ரிட்டயர் ஆனவரின் சொந்த லைப்ரரியாக இருந்திருக்கும், யாரோ க்ளீன் செய்திருப்பார்கள். அப்போது இருப்பதில் நெருக்கமான சோர்ஸை ஒரு டெஸ்ட் லைப்ரரியில் கம்பைல் செய்து, ஒரு நாள் டெஸ்பாட்ச் டேட்டாவைக் காப்பி எடுத்து, லைவ் புரோகிராம் போடும் இன்வாய்ஸையும் இது போடும் இன்வாய்ஸையும் வரி வரியாகப் பாருங்கள். அதோடு ரிட்டயர் ஆனவர் வீட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். இருபது வருஷம் அந்த மெஷினோடு இருந்தவர், கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் சூலூர் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்தேன். இன்வாய்ஸில் பார்ட்டியின் அட்ரஸ் இன்னும் ஒரு வரி நீளமாக வர வேண்டும் என்றார்கள். சோர்ஸைத் திறந்தேன், அட்ரஸை மாற்றினேன், கம்பைல் செய்தேன், ஒரு இன்வாய்ஸ் அடித்து அட்ரஸை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அதே மெம்பரில் இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் சீனியர் லாரி வாடகைக் கணக்கை மாற்றத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தது எனக்குத் தெரியாது. அவர் கம்பைல் செய்யவில்லை, அதனால் அதுவரை ஒன்றும் ஆகவில்லை. என் கம்பைலில் அவருடைய பாதி வேலையும் சேர்ந்து லைவுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை ராத்திரி இச்சல்கரஞ்சிக்கு ஏற்றிய மூன்று லோடுக்கும் வாடகை இரண்டு தடவை கூடியிருந்தது. கேட்டில் லாரி நிற்கிறது, டிரைவர் கத்துகிறார், கையால் இன்வாய்ஸ் எழுதி அனுப்பினோம். கம்பைல் செய்வதற்கு முன்னால் அந்த இரண்டு நேரத்தையும் ஒரு தடவை ஒப்பிட்டிருந்தால் அது நடந்திருக்காது. அன்றிலிருந்து இன்று வரை ஒப்பிடாமல் எதையும் நான் கம்பைல் செய்ததில்லை.

இந்த ஒரு புரோகிராமோடு நிறுத்தாதீர்கள். உங்கள் மெஷின் வெர்ஷன் ஓரளவு புதிதாக இருந்தால், எஸ்க்யூஎல்லில் (டேட்டாவைக் கேட்டு எடுக்கும் மொழி) ஆப்ஜெக்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற சர்வீஸ் ஒரு லைப்ரரி முழுவதுக்கும் சோர்ஸ் ஃபைல், மெம்பர், சோர்ஸ் நேரம் எல்லாம் ஒரே டேபிளாகக் கொடுக்கும். மெம்பர் பக்கத்து நேரம் சிஸ்பார்ட்டிஷன்ஸ்டாட் என்ற வியூவில் இருக்கிறது. இரண்டையும் ஜாயின் செய்தால் எந்தெந்தப் புரோகிராமுக்கு சோர்ஸ் பொருந்துகிறது, எதற்கு இல்லை என்று அரை மணி நேரத்தில் கையில் வந்துவிடும். பழைய மெஷின் என்றால் டிஎஸ்பிஓபிஜேடி, ஃபைலின் விவரம் காட்டும் டிஎஸ்பிஎஃப்டி இரண்டையும் அவுட்ஃபைலில், அதாவது ஸ்கிரீனுக்குப் பதில் ஒரு ஃபைலில், எடுத்து அதே வேலையைச் செய்யலாம். அந்த லிஸ்ட்தான் உங்களுக்கு இனி ஆறு மாத வேலை.

கேள்வி: புரோகிராமைத் திருத்திக் கம்பைல் செய்துவிட்டேன், ஆனால் குடோனில் ஒருவருக்கு மட்டும் சாயங்காலம் வரை பழைய மாதிரியே வந்தது. – அவிநாசி

பதில்: அவர் காலையில் உள்ளே வந்தவர் வெளியே போகவே இல்லை, அவ்வளவுதான். ரீப்ளேஸ் என்று கொடுத்துக் கம்பைல் செய்தால் பழைய ஆப்ஜெக்ட் உடனே அழிவதில்லை. க்யூஆர்பிஎல்ஓபிஜே என்ற லைப்ரரிக்கு நகர்ந்துவிடும், ஏற்கனவே அதைத் திறந்து வைத்திருக்கிற ஜாப் அதையே ஓட்டிக்கொண்டிருக்கும். அடுத்த ஐபிஎல்லில்தான், அதாவது மெஷினை ரீஸ்டார்ட் செய்யும்போதுதான், அந்த லைப்ரரி காலியாகும். அதனால் லைவுக்கு ஏற்றுவதைச் சாப்பாட்டு நேரத்திலோ ஷிஃப்ட் மாறும்போதோ வைத்துக்கொண்டு, எல்லோரையும் ஒரு தடவை சைன் ஆஃப் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் டேட்டா, புரோகிராம், சோர்ஸ் எல்லாம் ஒரே லைப்ரரியில் கிடக்கிறது. வசதியாகத்தான் இருக்கிறது. பிரிக்க வேண்டுமா? – திருப்பூர்

பதில்: பிரித்துவிடுங்கள். திருப்பூர்க்காரரான உங்களுக்குச் சாயப் பட்டறையை வைத்தே சொல்லலாம். லேப்பில் ஷேடு பார்த்து ரெசிபி எழுதுகிறார்கள், மெஷினில் துணி சாயம் ஏறி வெளியே வருகிறது, ஒவ்வொன்றுக்கும் லாட் நம்பர். பையர் அடுத்த மாதம் அதே கலர் கேட்டால் லாட் நம்பரை வைத்து ரெசிபிக்குப் போவார்கள். அந்த ரெசிபி நோட்டை ஈரத் தரையில் துணி மூட்டைக்கு நடுவில் யாரும் போட்டு வைப்பதில்லை. சோர்ஸ்தான் ரெசிபி, கம்பைல் ஆன புரோகிராம்தான் துணி.

ஏஎஸ்400-ல் லைப்ரரிக்குள் லைப்ரரி வைக்க முடியாது. க்யூசிஸ் என்ற சிஸ்டம் லைப்ரரி ஒன்றுக்குத்தான் அந்த உரிமை. விண்டோஸ் ஃபோல்டர் மாதிரி உள்ளே உள்ளே போகலாம் என்று நினைக்காமல், பக்கத்தில் பக்கத்தில் அடுக்க வேண்டும். ஒரு அப்ளிகேஷனுக்கு டேட்டா ஒரு லைப்ரரி, புரோகிராமும் ஸ்கிரீனும் ரிப்போர்ட்டும் ஒரு லைப்ரரி, சோர்ஸ் ஒரு லைப்ரரி. டெஸ்டுக்கு இதே மாதிரி இன்னொரு செட். பெயர் பத்து எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் அப்ளிகேஷனுக்கு மூன்று எழுத்து, மீதியில் டேட்டாவா சோர்ஸா லைவா டெஸ்டா என்று தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப் பிரித்தால் முதல் லாபம் பேக்கப்பில். டேட்டா தினமும் மாறுகிறது, புரோகிராம் மாதத்துக்கு இரண்டு தடவை மாறுகிறது. தினமும் ராத்திரி எல்லாவற்றையும் சேர்த்து டேப்பில் ஏற்ற வேண்டியதில்லை. சோர்ஸ் லைப்ரரியைத் தினமும் எடுங்கள், சின்னதுதான், வாரத்துக்கு ஒரு காப்பி கம்பெனிக்கு வெளியே போகட்டும். டெஸ்ட் செய்யும்போது லைப்ரரி லிஸ்டில் டேட்டா லைப்ரரியை மட்டும் மாற்றினால் போதும், அதே புரோகிராம் டெஸ்ட் டேட்டாவில் ஓடும். அதற்குப் புரோகிராமுக்குள் எங்கேயும் லைப்ரரி பெயரை எழுதி வைத்திருக்கக் கூடாது. ஒரே ஒரு சிஎல்லில் (கமாண்டுகளை வரிசையாக ஓட்டும் புரோகிராம்) அவசரத்துக்கு எழுதியிருந்தால்கூட, டெஸ்ட் என்று நினைத்து ஓட்டுகிறபோது லைவ் ஸ்டாக்கைக் கழித்துவிடும். பிரிக்கிற அன்றைக்கே சோர்ஸ் முழுவதிலும் பழைய லைப்ரரி பெயரைத் தேடிப் பாருங்கள், நீங்கள் எதிர்பார்க்காத இடத்திலெல்லாம் இருக்கும்.

இன்னொன்று அத்தாரிட்டி. லைவ் யூசருக்கு சோர்ஸ் லைப்ரரி கண்ணிலேயே பட வேண்டியதில்லை, எக்ஸ்க்ளூட் கொடுத்துவிடுங்கள். புரோகிராம் ஓடுவதற்கு சோர்ஸ் தேவையே இல்லை. அதே மாதிரி டெவலப்பர் யாருக்கும், உங்களுக்கும் சேர்த்து, லைவ் புரோகிராம் லைப்ரரியில் நேராகக் கம்பைல் செய்யும் உரிமை அன்றாட ஐடியில் இருக்க வேண்டாம். ஏற்றுவதற்கென்று ஒரு ஐடி, அதற்கென்று ஒரு சிஎல்: சோர்ஸை லைவ் சோர்ஸ் லைப்ரரிக்கு நகர்த்த வேண்டும், அங்கிருந்து கம்பைல் செய்ய வேண்டும், யார் எப்போது என்று ஒரு ஃபைலில் எழுத வேண்டும். நூறு வரி சிஎல், இரண்டு நாள் வேலை. பெருந்துறைக்காரருக்கு வந்த நாலு சோர்ஸ் பிரச்சினை இது இருந்திருந்தால் வந்தே இருக்காது.

கேள்வி: ஆர்பிஜி, சிஎல், டிடிஎஸ் எல்லாவற்றையும் ஒரே சோர்ஸ் ஃபைலில் வைக்கலாமா, தனித்தனியாக வைக்க வேண்டுமா? – சோமனூர்

பதில்: தனித்தனி. ஆர்பிஜி நாம் புரோகிராம் எழுதும் மொழி, டிடிஎஸ் என்பது ஃபைல், ஸ்கிரீன், ரிப்போர்ட்டின் அமைப்பை எழுதுவது. ஒரே ஃபைலில் ஒரே பெயரில் இரண்டு மெம்பர் இருக்க முடியாது, அதனால் ஸ்டாக் புரோகிராமுக்கும் அதன் ஸ்கிரீனுக்கும் ஒரே பெயர் வைக்க நினைத்தால் இடிக்கும். அதோடு கம்பைல் கமாண்ட் ஒவ்வொன்றும் அதற்குரிய ஃபைலைத் தானாகவே தேடும், ஐபிஎம் வைத்த பெயரிலேயே வைத்திருந்தால் டைப் செய்யும் வேலை மிச்சம்.

கவனிக்க வேண்டியது நீளம். சோர்ஸ் ஃபைல் உருவாக்கும்போது ஒன்றும் கொடுக்காமல் விட்டால் 92 என்று எடுத்துக்கொள்ளும்: வரிசை எண்ணுக்கு 6, தேதிக்கு 6, நாம் எழுத 80. பழைய ஆர்பிஜிக்கு அது சரி. 1994-ல் வந்த ஆர்பிஜி IV-க்கு 112 வேண்டும், அதாவது எழுத 100 இடம். 112-ல் இருப்பதை 92-க்குக் காப்பி எடுத்தால் கடைசி இருபது இடம் வெட்டுப்பட்டுப் போய்விடும்.

மெம்பருக்கு டெக்ஸ்ட், அதாவது ஒரு சின்ன விளக்கம், எழுத ஐபிஎம்காரன் 50 இடம் கொடுத்திருக்கிறான், அதைத் தயவுசெய்து காலியாக விடாதீர்கள். கம்பைல் ஆகும்போது ஆப்ஜெக்டுக்கும் அதுதான் போகும். அப்புறம் ஆக்டிவேஷன் குரூப், பைண்டிங் டைரக்டரி மாதிரி கம்பைலுக்குத் தேவையானவற்றைப் புரோகிராமின் தொடக்கத்தில் வரும் கன்ட்ரோல் ஸ்பெக்கிலேயே எழுதிவிடுங்கள். யார் கம்பைல் செய்தாலும் ஒரே மாதிரி வர வேண்டும். ஞாபகத்தில் வைத்திருந்தால், நீங்கள் லீவில் இருக்கும் நாளில் வேறொருவர் 14 போட்டுக் கம்பைல் செய்து வேறு மாதிரி புரோகிராமை ஏற்றிவிடுவார்.

கேள்வி: கஸ்டமர் மாஸ்டரில் ஒரு ஃபீல்டு சேர்த்தோம். மறுநாள் காலையில் மூன்று புரோகிராமில் லெவல் செக் எர்ரர், சிபிஎஃப்4131. ஃபைலில் லெவல் செக்கை *நோ என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். செய்யலாமா அண்ணா? – ஈரோடு

பதில்: வேண்டாங்க. அந்த எர்ரர் உங்களைக் காப்பாற்ற வந்தது.

ஃபைலைக் கம்பைல் செய்யும்போது அதன் ரெக்கார்டு அமைப்புக்கு, எந்த ஃபீல்டு எந்த வரிசையில் எத்தனை நீளம் என்பதை வைத்து, ஒரு அடையாள எண் உருவாகிறது. அந்த ஃபைலைப் பயன்படுத்தும் புரோகிராமைக் கம்பைல் செய்யும்போது அந்த எண்ணைத் தனக்குள் எழுதிக்கொள்கிறது. ஃபைலைத் திறக்கும்போது இரண்டும் பொருந்தவில்லை என்றால் நின்றுவிடும். புரோகிராமின் சோர்ஸில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது, ஆனாலும் அந்த ஆப்ஜெக்ட் பழையதாகிவிட்டது. செக்கை எடுத்துவிட்டால் புரோகிராம் பழைய அமைப்பை நினைத்துக்கொண்டு இடம் எண்ணிப் படிக்கும். நடுவில் ஒரு ஃபீல்டு சேர்த்திருந்தால் அதற்குப் பிறகு எல்லாமே தள்ளிப் போகும், பின்கோடு இருக்க வேண்டிய இடத்தில் போன் நம்பரின் துண்டு வரும். நிற்காமல் ஓடும், அதுதான் ஆபத்து. அப்டேட் செய்யும் புரோகிராமாக இருந்தால் தப்பான டேட்டாவை மாஸ்டரிலேயே எழுதி வைத்துவிடும், மாதக் கடைசியில்தான் தெரிய வரும்.

2017 ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது நம் பக்கத்தில் முக்கால்வாசிக் கம்பெனிகளில் இதுதான் நடந்தது. 11 இலக்க டின் நம்பர் (பழைய விற்பனை வரிப் பதிவு எண்) இருந்த இடத்தில் 15 எழுத்து ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்) வர வேண்டும், ஐட்டத்துக்கு எச்எஸ்என் கோடு (சரக்கு வகை எண்), வரி இரண்டாகவோ ஒன்றாகவோ பிரிய வேண்டும். நான் உதவிக்குப் போன ஒரு இடத்தில் இன்வாய்ஸ், ரிட்டர்ன், லெட்ஜர் எல்லாம் சரியாகக் கம்பைல் செய்துவிட்டார்கள். ஜாப் ஒர்க்குக்கு நூல் அனுப்பும் டெலிவரி சலான் புரோகிராம் மட்டும் விட்டுப்போச்சு, அதுவும் கஸ்டமர் மாஸ்டரைப் படிக்கிறது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. திங்கட்கிழமை காலையில் தறிக்குப் போக வேண்டிய நூல் குடோனிலேயே நின்றது.

ஞாபகத்தை நம்பக் கூடாது. டிஎஸ்பிபிஜிஎம்ஆர்இஎஃப் கமாண்டைப் புரோகிராம் லைப்ரரி முழுவதுக்கும் கொடுத்து அவுட்ஃபைலில் எடுத்தால், எந்தப் புரோகிராம் எந்தெந்த ஃபைலைத் தொடுகிறது என்று வந்துவிடும். க்வெரிகளையும் சேர்த்துக் கேட்கலாம். ஃபைலை மாற்றும் முன்னால் அந்த லிஸ்டை எடுங்கள், லிஸ்டில் உள்ள அத்தனையையும் டெஸ்ட் லைப்ரரியில் கம்பைல் செய்து பாருங்கள், எதற்காவது சோர்ஸ் இல்லை என்றால் அது அங்கேயே தெரிந்துவிடும். டேட்டா இருக்கும் பிசிக்கல் ஃபைலின் பெயர் மட்டும் போதாது, அதே டேட்டாவை வேறு விதமாகக் காட்ட அதன் மேல் கட்டிய லாஜிக்கல் ஃபைல்களின் பெயரிலும் தேடுங்கள். பாதிப் புரோகிராம் அந்த வழியாகத்தான் படிக்கும்.

கம்பைல் வேலையைக் குறைக்கவும் வழி இருக்கிறது. மாஸ்டரைத் தொடாமல், கஸ்டமர் கோடைக் கீயாக வைத்து ஒரு புது ஃபைலில் புது ஃபீல்டுகளை வையுங்கள், தேவைப்படும் புரோகிராம் மட்டும் அதைப் படிக்கட்டும். அல்லது பிசிக்கல் ஃபைலுக்குப் புதுப் பெயர் கொடுத்து ஃபீல்டைச் சேர்த்துவிட்டு, பழைய பெயரில் பழைய ஃபீல்டுகளை அதே வரிசையில் கொண்ட ஒரு லாஜிக்கல் ஃபைல் கட்டினால், பழைய புரோகிராம்கள் எந்த மாற்றமும் உணராமல் ஓடும். இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. ஆனால் வருஷத்துக்கு ஒன்று என்று இப்படிக் கட்டிக்கொண்டே போனால் பின்னால் வருகிறவர் திண்டாடுவார், அதையும் யோசித்துச் செய்யுங்கள்.

கேள்வி: புரோகிராம் எழுதியவர் போய்விட்டார். ஆப்ஜெக்ட் மட்டும் இருக்கிறது, சோர்ஸ் இல்லை. எடுக்க முடியுமா? – கரூர்

பதில்: எந்த மொழி என்று எழுதவில்லை. சிஎல் என்றால் பெரும்பாலும் முடியும், ஆர்டிவிசிஎல்எஸ்ஆர்சி என்று ஒரு கமாண்டே இருக்கிறது, கம்பைல் செய்தபோது அதற்குத் தடை போடாமல் இருந்தால் போதும். டேபிள்களுக்கு ஜெனரேட் எஸ்க்யூஎல் இருக்கிறது. ஆர்பிஜிக்கு அப்படி ஒரு கமாண்ட் கிடையாது. ஆனால் ஒரு நம்பிக்கை உண்டு: கம்பைல் செய்யும்போது டீபக் வியூவில் (தப்புத் தேடும்போது எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் இடம்) *லிஸ்ட் கொடுத்திருந்தால் கம்பைல் லிஸ்டிங் முழுவதும் ஆப்ஜெக்டுக்குள்ளேயே இருக்கும். டீபக் தொடங்கும் எஸ்டிஆர்டிபிஜி கமாண்ட் போட்டுத் திறந்து பாருங்கள். வரிகள் தெரிந்தால் பார்த்துப் பார்த்துத் திருப்பி எழுதிவிடலாம், நாள் பிடிக்கும், ஆனால் வேலை முடியும். *சோர்ஸ் என்று கொடுத்திருந்தால் அது சோர்ஸ் ஃபைலைத்தான் தேடும், பயன் இல்லை. ஒன்றும் கொடுக்காமல் கம்பைல் செய்திருந்தாலும் இல்லை. இனிமேல் நீங்கள் செய்யும் கம்பைல் அத்தனைக்கும் *லிஸ்ட் கொடுங்கள், ஆப்ஜெக்ட் கொஞ்சம் பெரிதாகும், அது பரவாயில்லை.

அதற்கெல்லாம் முன்னால் பழைய டேப்களைத் தேடுங்கள். வருஷக் கடைசி முழு பேக்கப் எங்காவது பீரோவில் கிடக்கும். புது ஆளை எடுக்கும்போது, சோர்ஸ் கம்பெனியுடையது, கம்பெனி மெஷினில்தான் இருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் ஏஎஸ்400 டெவலப்பர், இரண்டு வருட அனுபவம். சோர்ஸை கிட் என்ற வெர்ஷன் கன்ட்ரோல் சாஃப்ட்வேருக்கு மாற்றலாம் என்று சொன்னால் எங்கள் சீனியர் சார், மெம்பரில் தேதி இருக்கிறதே, அது போதும் என்கிறார். யார் சொல்வது சரி? – கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி, அம்மணி. ஆனால் அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது.

மெம்பரில் வரிக்கு வரி தேதி இருக்கிறது, யார் மாற்றினார்கள், முன்னால் என்ன இருந்தது, எதற்காக மாற்றினார்கள் என்பது இல்லை. கிட்டில் மூன்றும் இருக்கும். ஐஎஃப்எஸ்ஸில் (ஏஎஸ்400-ல் விண்டோஸ் மாதிரி ஃபோல்டர் வைக்கும் பகுதி) சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக சோர்ஸை வைத்துக்கொண்டு அங்கிருந்தே ஆர்பிஜியைக் கம்பைல் செய்யலாம், ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைக்கலாம், பத்து எழுத்துக் கட்டுப்பாடு சோர்ஸ் பெயருக்கு இல்லை. விஎஸ் கோடு எடிட்டரில் கோட் ஃபார் ஐபிஎம் ஐ என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, செலவு ஒன்றும் இல்லை.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். ஸ்கிரீன், பிரின்டர் ஃபைல் மாதிரி டிடிஎஸ் சோர்ஸ் கம்பைல் ஆக இன்னும் மெம்பர்தான் வேண்டும், அதனால் கம்பைல் நேரத்தில் ஒரு தற்காலிக மெம்பருக்குக் காப்பி செய்து கம்பைல் செய்ய வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் ஆப்ஜெக்ட் காட்டும் சோர்ஸ் பெயர் அந்தத் தற்காலிக இடமாக இருக்கும், பெருந்துறைக்காரருக்குச் சொன்ன வழியெல்லாம் அங்கே கைகொடுக்காது. எந்த கமிட்டிலிருந்து (கிட்டில் பதிந்த மாற்றம்) கம்பைல் ஆனது என்பதை ஆப்ஜெக்டின் டெக்ஸ்டிலோ தனி ஃபைலிலோ நீங்களே எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது, மெம்பரிலிருந்து மாற்றும்போது வரித் தேதிகள் போய்விடும். உங்கள் சீனியருக்கு வலிப்பது அதுவாகத்தான் இருக்கும், பத்து இருபது வருட வரலாறு அந்த ஆறு இலக்கத்தில் இருக்கிறது. பழைய சோர்ஸ் லைப்ரரியை அப்படியே சேவ் ஃபைலில் (டிஸ்க்கிலேயே வைக்கும் பேக்கப்) எடுத்து, இனி யாரும் எழுத முடியாதபடி வைத்துவிடலாம் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் புதிதாக எழுதும் ஒரு சின்ன அப்ளிகேஷனை மட்டும் கிட்டில் வையுங்கள். ஒரே புரோகிராமுக்குப் பாதி நாள் மெம்பர், பாதி நாள் கிட் என்று மட்டும் வைக்காதீர்கள், அதைவிட இப்போது இருப்பதே மேல்.

கேள்வி: எங்களுடையது சின்ன யூனிட். பீஸ் ரேட் கூலிக் கணக்குக்கு ஃபாக்ஸ்புரோவில் எழுதியது பதினைந்து வருஷமாக ஓடுகிறது. எக்ஸி (ஓடும் புரோகிராம் ஃபைல்) மட்டும் காப்பி வைத்திருக்கிறேன், போதுமா? – பல்லடம்

பதில்: போதாது. எழுதிக் கொடுத்தவரிடம் இன்றைக்கே புராஜெக்ட் ஃபோல்டர் முழுவதையும் கேட்டு வாங்குங்கள். புரோகிராம் வரிகள் உள்ள பிஆர்ஜி ஃபைல் மட்டும் கொடுத்தால் விட்டுவிடாதீர்கள். ஃபார்முக்கு எஸ்சிஎக்ஸ், எஸ்சிடி என்று இரண்டு, ரிப்போர்ட்டுக்கு எஃப்ஆர்எக்ஸ், எஃப்ஆர்டி என்று இரண்டு, ஜோடியில் ஒன்று குறைந்தாலும் திறக்காது. எஃப்எக்ஸ்பி என்று இருப்பது கம்பைல் ஆனது, அது சோர்ஸ் இல்லை. வாங்கியதை வேறொரு கம்ப்யூட்டரில் வைத்து அவர் முன்னாலேயே எக்ஸியை உருவாக்கச் சொல்லி, அந்த எக்ஸியில் ஒரு வாரக் கூலியைப் போட்டு, ஓடிக்கொண்டிருப்பதோடு சரிபாருங்கள். மைக்ரோசாஃப்ட் விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு ஆதரவை 2015 ஜனவரியோடு முடித்துவிட்டது, ஒரு நாள் வேறொன்றுக்கு மாறத்தான் வேண்டும். மாறும்போது உங்கள் கூலிக் கணக்கின் விதிகள் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அந்த சோர்ஸாகத்தான் இருக்கும்.

கேள்வி: டிஸ்க் நிறைகிறது. பயன்படாத புரோகிராம்களை அழிக்கலாம் என்று பார்த்தால், ஆறு மாதமாக ஓடாதவை மட்டும் நானூறு இருக்கின்றன. அழித்துவிடட்டுமா? – பொள்ளாச்சி

பதில்: புரோகிராம்கள் டிஸ்க்கில் அவ்வளவு இடம் பிடிக்காது. முதலில் பழைய ஸ்பூல் ஃபைல் (பிரின்டுக்கு வைத்த ரிப்போர்ட்), சேவ் ஃபைல், ஜர்னல் ரிசீவர் (டேட்டா மாற்றங்களின் பதிவு) இவற்றைப் பாருங்கள், இடம் அங்கேதான் போயிருக்கும். ஆனாலும் நானூறு பயன்படாத புரோகிராம் இருப்பது நல்லதில்லை, ஒவ்வொரு ஃபைல் மாற்றத்திலும் அவையும் லிஸ்டில் வந்து உட்காரும்.

ஆறு மாதம் என்ற கணக்கு போதாது. மார்ச் 31 க்ளோஸிங் புரோகிராம் வருஷத்துக்கு ஒரு தடவை ஓடும். தீபாவளி போனஸும் அப்படித்தான். கடைசியாகப் பயன்படுத்திய தேதி அந்த ஆப்ஜெக்டுக்கு உரியது, இடையில் திரும்பக் கம்பைல் செய்திருந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கியிருக்கும். அதனால் தேதி காலியாக இருப்பதைப் பார்த்து இது ஓடவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், உருவான தேதியையும் சேர்த்துப் பாருங்கள். பதினைந்து மாதம் தொடாதவற்றை மட்டும் லிஸ்ட் எடுங்கள். ஒவ்வொன்றையும் வேறு புரோகிராமோ மெனுவோ ஜாப் ஷெட்யூலோ கூப்பிடுகிறதா என்று பார்த்துவிட்டு, லைப்ரரி லிஸ்டில் இல்லாத ஒரு தனி லைப்ரரிக்கு நகர்த்துங்கள். யாராவது கூப்பிட்டால் எர்ரர் வரும், அரை நிமிடத்தில் திருப்பி வைத்துவிடலாம். ஒரு மார்ச்சும் ஒரு தீபாவளியும் கடந்த பிறகு அந்த லைப்ரரியைச் சேவ் ஃபைலில் எடுத்துவிட்டு அழியுங்கள். அவற்றின் சோர்ஸை மட்டும் அப்போதும் அழிக்க வேண்டாம். தனி சோர்ஸ் ஃபைலுக்கு நகர்த்தி, டெக்ஸ்டில் நீக்கிய தேதியைப் போட்டு வையுங்கள். போனஸ் கணக்கு போன வருஷம் எப்படிப் போட்டோம் என்று யூனியன் ஆட்கள் வந்து கேட்கும்போது அது தேவைப்படும்.